பீங்கான் தட்டிய சாக்ஸபோன்காரர்

வெள்ளைக்காரர்களுக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் எங்கள் பட்டறைக்கு வந்த ஆங்கிலேயரைப் பார்த்திருக்கமாட்டார். மனிதருக்கு உட்காரவே வராது. நாற்காலி போட்டால் அதைச் சுற்றி வருவார். டீ கொடுத்தால் கிளாஸோடு வாசலுக்குப் போய், அங்கிருந்து களிமண் கொட்டியிருக்கும் இடத்துக்குப் போய், பிறகு அச்சு அறைக்குப் போய், கடைசியில் கிளாஸை எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அவர் இருந்த நாட்களில் எங்கள் டீக் கிளாஸ்களை சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தெல்லாம் பொறுக்கினோம்.

அவர் தன் வேலையாக வரவில்லை. மனைவிக்குத் துணையாக வந்தவர். அந்த அம்மா மட்பாண்டக் கலைஞர். புதுச்சேரிப் பக்கம் வீடு எடுத்துத் தங்கி ஜாடிகள் செய்துகொண்டிருந்தார். இடுப்புயரத்துக்கு நாலு ஜாடி செய்துவிட்டார். அவருடைய சூளையில் அவை நுழையவில்லை. விருத்தாசலத்தில் பெரிய சூளைகள் இருக்கின்றன என்று யாரோ சொல்ல, விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார். நான் கரண்டு போர்டுக்கு வைக்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டையும், நடுநடுவே சாமி பொம்மையும் செய்கிறவள். கலைப்பொருள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஃபியூஸ் கட்டை உடைந்தால் யாரும் அழமாட்டார்கள். ஆனாலும் சூளையில் இடம் இருந்தது, அந்த அம்மாவின் முகமும் பிடித்திருந்தது, ஒத்துக்கொண்டேன்.

சூளையைப் பூட்டிவிட்டால் திறக்க நாள் பிடிக்கும். சூடு மெல்ல ஏற வேண்டும், நிற்க வேண்டும், பிறகு தானாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் கீறிப்போகும். அந்த அம்மா இதெல்லாம் தெரிந்தவர். வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதையாவது வரைந்துகொண்டிருப்பார். கணவர்தான் ஊரை அளந்தார். ஜங்ஷனில் நின்று கூட்ஸ் வண்டியை வேடிக்கை பார்த்தார். தண்ணீர் இல்லாத மணிமுத்தாற்றை நடந்தே கடந்து, அக்கரையில் ஒன்றும் இல்லை என்று திரும்பி நடந்தே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் வேப்பூர் பஸ்ஸில் ஏறிப்போய், நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் எனக்குப் போன் போட்டுச் சொல்வார்.

"மேடம், ஒங்க தொர இந்தப் பக்கமா போறாரு. புடிச்சு வைக்கட்டுமா, வுட்டுடட்டுமா?"

எனக்கு எரிச்சல். ஈரோட்டுக் கடைக்கு அனுப்பவேண்டிய சரக்கு தேங்கிக் கிடந்தது. எனக்கும் சும்மா இருக்க வராதுதான், ஆனால் எனக்கு வேலை இருந்தது. வேலை இல்லாத ஆள் பரபரப்பதைப் பார்த்தால் வேலை இருக்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெயில் தாங்காமல் அவர் உள்ளேயே இருந்த ஒரு நாளில், தரம் பிரிக்கிற மேசைப் பக்கம் போய் நின்றார். வெந்து வந்த கட்டைகளை அங்கேதான் பெண்கள் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு கட்டையை இன்னொரு கட்டையால் மெல்லத் தட்டினால், நல்லதாக இருந்தால் டங் என்று மணி மாதிரி கேட்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் டொக் என்று செத்துப்போன சத்தம் வரும். டங் ஒரு கூடையில், டொக் ஒரு கூடையில். அவ்வளவுதான் வேலை. அந்த மேசைக்குத் தலைவி எங்கள் அக்கா ஒருவர். சொந்த அக்கா இல்லை. என்னைவிட மூத்தவர், எங்கள் பட்டறை ஆரம்பித்த நாளில் இருந்து இருப்பவர். கை ஓயாது, வாயும் ஓயாது.

"சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு கட்டயத் தட்டச் சொல்லுங்க மேடம். ஆளு ஒரு எடத்துல இருப்பாரு இல்ல?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டு, சிரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பட்டறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. ஒரு கூடை முழுக்கத் தட்டி முடித்தார்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் கோட்டை விட்டோம். புதிதாக வருகிற பெண் தட்டிய கூடையை அக்கா மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். ஆனால் இவர் ஜாஸ் வாசிக்கிற சாக்ஸபோன்காரர் என்று மனைவி சொல்லியிருந்தார். ஜாஸ் என்றால் என்ன என்று அக்கா கேட்டபோது, எனக்குத் தெரிந்த அளவில், பாட்டை ஒருத்தர் எடுத்துவிட்டால் மற்றவர்கள் அதை அங்கேயே மாற்றி மாற்றி வாசிப்பார்கள், முன்கூட்டி எழுதி வைத்திருக்கமாட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். "அப்ப காதுதான் பொழப்பு" என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். பாட்டுக்காரர் தட்டிய கூடையை நாம் சோதிப்பதாவது! அவர் நல்லதென்று பிரித்தது மரியாதையாக நேரே பேக்கிங்குக்குப் போய்விட்டது.

பெட்டியில் அடுக்கும்போது அக்கா கையில் இருந்த ஒன்று வளையலில் பட்டு டொக் என்றது. அடுத்ததை எடுத்தார். டொக். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தோம். நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால்கூட அப்படித்தான் வந்திருக்கும்.

"மேடம், சாருக்குக் காது கேக்கல."

"கவனிச்சிருக்கமாட்டாருக்கா. வெளயாட்டா தட்டியிருப்பாரு."

"கவனிச்சாரு. நான் பேசறப்ப என் வாயத்தான் பாக்குறாரு."

"தமிழ் தெரியாத ஆளு ஒங்க வாயப் பாத்து என்னக்கா பண்ணப்போறாரு?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அக்கா.

நான் பேசும்போதும் அவர் என் உதட்டைப் பார்த்துதான் கேட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அதை வெள்ளைக்கார நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவிக்கு முன்னால் தனியாக வந்துவிட்டார். மேசையில் தன் கூடை மறுபடி கொட்டிக் கிடப்பதைப் பார்த்தார். ஒரு கட்டையை எடுத்தார். அதன் ஓரத்தை முன்பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, இன்னொரு கட்டையால் தட்டினார். பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தொரைக்குப் பசி வந்துடிச்சி, யாராவது இட்லி வாங்கியாங்க" என்றாள் ஒருத்தி. அவரும் சிரித்துக்கொண்டே கடித்தார், தட்டினார், பிரித்தார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் சிரிப்பை நிறுத்தியவர் அக்காதான்.

அன்று அவர் என்னிடம் வாசித்துப் பழக ஓர் இடம் கேட்டார். பட்டறைக்குப் பின்னால் கரி போட்டு எரித்த காலத்து வட்டச் சூளை ஒன்று சும்மா நிற்கிறது. உடைந்த சாமான் போட்டு வைத்திருந்தோம். அதைக் கூட்டிக் கொடுத்தேன். உள்ளே நின்று அவர் ஊத ஆரம்பித்ததும் பட்டறையே வேலையை விட்டது. எனக்கு இசை தெரியாது. கோயிலில் கேட்கிற சாக்ஸபோன் மாதிரி அது இல்லை. ஓர் இடத்தில் நிற்காமல், போன வழியிலேயே திரும்பி, பாதியில் வேறு வழி பிடித்து ஓடியது. அவர் நடக்கிறது மாதிரியே இருந்தது. ஆனால் நடக்கும்போது அவரைப் பார்த்தால் எரிச்சல் வரும், இதைக் கேட்டால் வரவில்லை. நிறுத்திவிடுவாரோ என்றுதான் இருந்தது.

பிறகு அந்தச் சூளை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காதுக்குள் சின்ன எலும்பு இறுகிக்கொண்டே வருகிறதாம். காற்றில் வருகிற சத்தம் உள்ளே நுழைவதில்லை. பல் வழியாக, மண்டை எலும்பு வழியாக வருவது நுழைகிறது. சாக்ஸபோன் வாயைப் பல்லில் வைத்துத்தானே ஊதுகிறார், அதனால் அவர் வாசிப்பது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இருப்பதும் போகலாம் என்று டாக்டர் சொன்னதில் பயந்துவிட்டார். கருவி வைக்கலாமே என்றேன்.

"காதில் கருவி வைத்த ஜாஸ்காரனை யார் கூப்பிடுவார்கள்?"

"இப்போது மட்டும் யார் கூப்பிடுகிறார்கள்?" என்று வாயில் வந்துவிட்டது. என் வாய் அப்படித்தான். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊர் அவருடையது. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கக்காரர்களின் பித்தளை வாத்தியக் குழுவில் ஆரம்பித்து, சாக்ஸபோனுக்கு மாறி, பிறகு லண்டன் போய், மதுக்கடை மேடைகளிலும் பயணக் கப்பல்களிலும் வாசித்திருக்கிறார். யார் யாரோ பாடிய பாட்டுகளுக்குப் பின்னால் நின்று ஊதியிருக்கிறார். முன்னால் நின்று வாசித்தது கொஞ்சம்தான். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுப் பதில் சொல்வதுதான் தன் தொழில், ஊதுவது அதற்கப்புறம்தான் என்றார். மைன் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்கள் சூளைக்கார அண்ணன் பக்கத்தில் வந்தார். அவருக்குக் கம்மாபுரம், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த பக்கம்.

"எங்க வூடு இருந்த எடத்துல இப்ப பள்ளந்தான் இருக்குதுன்னு சொல்லுங்க மேடம்."

நான் சொன்னேன். தன் ஊரில் பள்ளத்தை மூடிப் புல் வளர்த்துவிட்டார்கள், அங்கே போய் நின்றால் எந்தத் தெரு எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றார் அவர். அதையும் தமிழில் சொன்னேன், அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதுச்சேரியில் அவருக்கு ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் மனைவி. இரண்டு வருடமாக அவர் யாரோடும் சேர்ந்து வாசிப்பதில்லை. அலுத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அலுப்பினால்தான் இப்படிக் கால் தரிக்காமல் அலைகிறார், மறுபடி மேடை ஏறினால் சரியாகிவிடும் என்று அந்த அம்மா நினைத்து, சின்ன அரங்கம் ஒன்றைப் பிடித்து, கீபோர்டு, பாஸ் கிடார், டிரம்ஸ் என்று மூன்று இளம் கலைஞர்களையும் பிடித்துவிட்டார். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார் இல்லையா?

"மூன்று பேர் என் பின்னால் வாசிப்பார்கள். எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியாது."

"உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்."

"கச்சேரி முடிந்ததும்."

"முடிந்த பிறகு நீங்கள் எதற்குச் சொல்ல வேண்டும்? புதுச்சேரியே சொல்லிவிடும்."

அவர் சாக்ஸபோனைத் துடைக்க ஆரம்பித்தார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் என் நிம்மதி போனது. சூளை ஆறுகிற வரை அந்த அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் புருஷனைப் பற்றிக் குறை சொல்வார். பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிறாராம். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாராம். இத்தனை வயதுக்குப் பிறகு தன் பேச்சு கேட்கப் பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அடுத்தவர் வீட்டு ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பது மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி. நானும் அவரைப் போலவே பட்டறையைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தேன். அக்கா பார்த்துவிட்டு, "தொர வியாதி ஒட்டிக்கிச்சா மேடம்?" என்றார்.

சூளை திறக்கிற நாள் வந்தது. கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அண்ணன் கதவைத் திறந்தார். நாலு ஜாடியும் டிராலியில் வெளியே வந்தன. நீலமும் பழுப்புமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தன. நானே கொஞ்ச நேரம் ஃபியூஸ் கட்டையை மறந்தேன். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார், அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டாம். கல்யாணமான நாளில் இருந்து, எந்தப் பாண்டம் சூளையில் இருந்து வந்தாலும் கணவர்தான் முதலில் விரலால் தட்டி, அது என்ன சுரம் என்று சொல்ல வேண்டும். அதை அந்த அம்மா பாண்டத்தின் அடியில் எழுதி வைப்பார். எங்கள் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

அவர் முதல் ஜாடியைத் தட்டினார். கணீரென்று கேட்டது. ஏதோ ஒரு சுரத்தின் பெயரைச் சொன்னார். மனைவி எழுதிக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது அப்படியே. நாலாவதைத் தட்டினார்.

டொக்.

பட்டறையில் அத்தனை பேருக்கும் கேட்டது. களிமண் மாவு அரைக்கிற மிஷினை நிறுத்தி வைத்திருந்தோம், வேறு சத்தமே இல்லை. அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். சாக்ஸபோன்காரர் தலையைச் சாய்த்து, கொஞ்சம் யோசித்து, புன்சிரிப்போடு ஒரு சுரத்தின் பெயரைச் சொன்னார்.

மனைவி எழுதவில்லை. அவரையே பார்த்தார். பிறகு மெல்ல நடந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். வாசலில் இருந்த நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் என்னவோ நடக்கிறது என்று புரிந்து திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவர் கை தானாகக் காதுக்குப் போனது.

"இரண்டு வருடமாக உன் முதுகோடு சண்டை போட்டிருக்கிறேனே" என்றார் அந்த அம்மா. கீறல் விழுந்த ஜாடியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கச்சேரியை நிறுத்திவிடலாம் என்றார் மனைவி. இப்போது அவர்தான் முடியாது என்றார். தெரியவேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி பயம் இல்லை, ஆனால் அந்த இளைஞர்களிடம் சொல்லக்கூடாது, சொன்னால் இரக்கப்பட்டு வாசிப்பார்கள் என்று பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னையும் அக்காவையும் கட்டாயம் வரச் சொன்னார்கள். சரக்கை ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினோம்.

அரங்கம் சின்னதுதான். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. டிரம்ஸ் வாசித்தது குட்டை முடி வைத்த ஒரு பெண். முதல் பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இசை தெரியாத எனக்கே தெரிந்தது, அவர் ஒரு பக்கம் போகிறார், அவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள். அந்தப் பெண் அவர் முதுகைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். அடுத்த பாட்டு மெதுவானது. அதில் எப்படியோ சேர்ந்துகொண்டார்கள். கடைசிவரை எனக்கு நாற்காலியின் நுனிதான். ஜனங்கள் நன்றாகவே கைதட்டினார்கள். வயதான மனிதருக்கு யார்தான் தட்டமாட்டார்கள்?

கூட்டம் கலைந்ததும் அவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். மனைவி பக்கத்தில்தான் நின்றார். ஆனால் என்னைத்தான் கேட்டார்.

"அவர்கள் என்னோடு இருந்தார்களா?"

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. இருந்தார்கள் என்று சொல் என்று கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. அவர் என்ன கேட்கிறார் என்று அக்கா என்னைக் கேட்டார், சொன்னேன்.

"உள்ளத சொல்லுங்க மேடம். கீறுனத நல்லதுன்னு கட்டி அனுப்புனா எவன் வூட்டுலயாவது தீப்புடிக்கும்."

நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, "முதல் பாட்டில் இல்லை. அடுத்ததில் இருந்தார்கள்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அடித்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். அவர் சாக்ஸபோனின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு திரும்பி மேடைக்கு நடந்தார். டிரம்ஸ் பெண் பித்தளைத் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் காதைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார். அந்தப் பெண் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாஸ் வாசிக்கிறவனும் அவளுமாகச் சேர்ந்து டிரம்ஸை இழுத்து, அவருக்கு எதிரே, அவள் கை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டார்கள்.

அந்த முதல் பாட்டை மறுபடி எடுத்தார்கள். அரங்கத்து ஆட்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. பாதிப் பாட்டில் மறுபடியும் பிரிந்தார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் எங்கே விட்டேன்?" என்று கேட்டார்.